அனுப்பியவர் பெயர் இல்லாத இணைப்பு

பேய் என்றால் நடுராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பவர்கள் மன்னிக்கவும். இது நடந்தது பட்டப்பகலில், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மூன்றாவது மாடியில், சாப்பாட்டு நேரத்தில். ஆனால் நடந்தது. அதைத் தன் காதால் கேட்டவர் கதை கட்டுகிற ஆள் இல்லை. அதற்கு வேண்டிய கற்பனை அவருக்குக் கிடையாது.

அலுவலகத்தில் அவரைப் பூட்டு சார் என்பார்கள். கணினிப் பாதுகாப்பு அவர் பொறுப்பு. நாட்டின் எல்லையையே காவல் காப்பது போல நடப்பார். மாதம் ஒருமுறை அவரே பொய் மின்னஞ்சல் தயாரித்து எல்லோருக்கும் அனுப்புவார். இணைப்பைத் திறந்தவர் நாற்காலியில் மறுநாள் சிவப்புக் காகித மீன் தொங்கும். தூண்டிலில் சிக்கியவர் என்று அர்த்தம். 'போனஸ் பட்டியல்' என்று அனுப்பியபோது முதலில் சிக்கியவர் பொது மேலாளர். அந்த மீன் மட்டும் தொங்கவில்லை.

கணக்குப் பிரிவு அம்மாளின் நாற்காலியில் மீன்கள் கொத்தாகவே தொங்கின. ஊர் பேர் தெரியாத யார் அனுப்பினாலும் திறந்துவிடுவார்.

"எத்தனை தடவைம்மா சொல்றது? தெரிஞ்சவங்க மாதிரியேதான் வரும். திறக்காதீங்க."

"இல்ல சார்... ஒருவேளை அவனா இருந்தா?"

ஒரே மகன். சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன். மூன்று வருஷத்துக்கு முன் கப்பல் மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை. கிடைக்காத உடல் ஒரு தாய்க்கு என்னென்ன நம்பிக்கை கொடுக்கும் என்று பூட்டு சாரின் பயிற்சி வகுப்பில் பாடம் இல்லை.

அன்று அந்த அம்மாள் அவர் அறைக்கே வந்துவிட்டார்.

"ஒரு மெயில் வந்திருக்கு சார். இந்தத் தடவை திறக்கல. இதுவும் உங்க மீனா?"

அவர் அனுப்பியது இல்லை. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. முகவரியும் காலி. அப்படி ஒரு மின்னஞ்சல் வரவே முடியாது. ஆனால் வந்திருந்தது. இணைப்பாக ஒரு குரல் பதிவு.

"அழிச்சிடலாம்மா. வம்பு புடிச்ச ஃபைல்."

"ஒரே ஒரு தடவை கேட்டுட்டு அழிச்சிடுங்க சார். கும்பிட்டுக் கேக்கறேன்."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் மறுக்க முடியவில்லை. சந்தேகமான ஃபைல்களைச் சோதிக்க மூலையில் ஒரு தனி மெஷின் உண்டு. எதனோடும் இணைக்காதது. பதிவை பென் டிரைவில் எடுத்து அதில் போட்டார். திறந்தார்.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு தண்ணீர்ச் சத்தம். களக்... களக்...

பிறகு ஒரு மூச்சு.

"அம்மா... கதவைத் தாழ் போட்டுக்கோ."

அம்மாள் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"யார் தட்டினாலும் திறக்காத. என் குரல் மாதிரியே இருக்கும்... திறக்காதம்மா."

அவ்வளவுதான்.

மறுபடி ஓட்டினார். பதிவில் ஒன்றுமே இல்லை.

"அவன்தான் சார்," என்றார் அம்மாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. "மூணு வருஷமா நான் வாசக்கதவைத் தாழே போடறதில்ல. வந்தா வெளியில நிக்கக் கூடாதுன்னு. யார்கிட்டயும் சொன்னதில்ல சார்."

பூட்டு சார் மெஷினை அணைத்தார்.

மறுநாள் காலை மெக்கானிக்கை வரவழைத்தார்.

"இந்த மெஷின்ல நேத்து ஒரு குரல் கேட்டுதுப்பா. என்னன்னு பாரு."

மெக்கானிக் மூடியைக் கழற்றினான். அவரை ஒரு மாதிரி பார்த்தான்.

"குரலா? இதுல ஸ்பீக்கரே கிடையாதே சார். பாதுகாப்புக்குன்னு நீங்கதானே கழட்டச் சொன்னீங்க?"

அவன் போன கொஞ்ச நேரத்தில் அம்மாள் வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"தாழ் போட்டுட்டுத்தான் படுத்தேன் சார்."

"நல்லதும்மா."

"விடியற நேரம் கதவைத் தட்டற சத்தம் கேட்டுச்சு. 'அம்மா, குளிருது, திற'ன்னான். அவன் குரலேதான்."

"திறந்தீங்களா?"

"திறக்கல. ரொம்ப நேரம் அழுதான் சார்... அப்புறம் சத்தம் இல்ல."

வெளியே யாரோ பிரிண்டரை ஓட்டினார்கள்.

"எது நிஜம், எது பொய்னு பாக்கறதுதானே உங்க வேலை? சொல்லுங்க சார். ரெண்டுல எது என் புள்ள?"



ஸ்பீக்கர் விஷயத்தை அந்தத் தாயிடம் அவர் இன்றுவரை சொல்லவில்லை.

தட்டுவது இன்னும் நிற்கவில்லை.