அந்த விரலை எடுங்கம்மா

இந்த நேரத்துல போஸ்ட் போடுறதுக்கு மன்னிச்சிடுங்க. பையன் இப்பத்தான் தூங்கினான். காலையில எழுதலாம்னா லேட் ஆயிடும்...

எங்க கீழ்வீட்டு சூசை ஐயா இன்னைக்கு மத்தியானம் இறந்துட்டார். எண்பத்தி நாலு வயசு. சாப்பிட்டு சேர்ல உக்காந்தவர், அப்படியே.

நாங்க நாயுடுபுரத்துக்குக் குடிவந்து ரெண்டு வருஷம்தான். ஆனா கொடைக்கானல்ல பழைய ஆளுங்க நிறையப் பேருக்கு அவரைத் தெரியும். பஸ் ஸ்டாண்ட்ல முப்பத்தஞ்சு வருஷம் டைம் கீப்பர்.

மலையை விட்டுக் கீழ இறங்குற ஒவ்வொரு பஸ் பக்கத்துலயும் போய் நின்னு, "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க"ன்னு ரெண்டு தடவை சொல்வாராம். டிரைவருங்க கிண்டல் பண்ணாம விடமாட்டாங்க. "யோவ் சூசை, பஸ்ல உக்காந்திருக்கது பூரா உன் மாமனார் வீட்டு ஆளுகளா?"

ராங் நம்பர் வந்தாக்கூட வைக்கமாட்டார். "சாப்ட்டீங்களா? அங்க மழை உண்டா?" பத்து நிமிஷம் ஓடும். அந்தப் பக்கம் இருக்கிறவங்களே கடுப்பாகி கட் பண்ணாத்தான் உண்டு.

என்கிட்ட ஒரே ஒரு தடவைதான் கோபப்பட்டார்.

என் பையனுக்கு ரெண்டரை வயசு. இன்னும் பேச்சு வரல. "மூணு வயசு வரைக்கும் பாப்போம்"னு டாக்டர் சொல்லிட்டார், எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேங்குது. போன டிசம்பர்ல ஒரு சாயங்காலம் படிக்கட்டுல நின்னு ஒரே கத்தல். நான் வாய்மேல விரல் வச்சு "உஷ்"னேன்.

ஐயா கதவைத் திறந்து வந்தார். முகமே சரியில்ல. "அந்த விரலை எடுங்கம்மா. பிள்ளைகிட்ட அப்படிக் காட்டாதீங்க."

எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் அவரே வந்து படியில உக்காந்து சொன்னார்...

அறுபதுகள்ல ஐயா இந்த மலையிலேயே ஒரு பழைய செமினரியில சர்ச் சாமியாருக்குப் படிச்சவர். நான் பழனிக்காரி, எனக்கு அதெல்லாம் தெரியாது. அவர் சொல்லித்தான் தெரியும். எழுதிட்டு இருக்கும்போது மணி அடிச்சா பாதி எழுத்துல பேனாவை வச்சிடணுமாம். ராத்திரி ஜெபத்துல இருந்து மறுநாள் காலைச் சாப்பாடு முடியற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. துணியில பேருக்குப் பதிலா நம்பர், சிவப்பு நூல்ல தச்சிருக்கும்.

யாரையாவது "உனக்கு தேவ அழைத்தல் இல்லை"ன்னு திருப்பி அனுப்பினா, காலையில அந்த மௌன நேரத்துலதான் அனுப்புவாங்களாம். சொல்லிட்டுப் போறதெல்லாம் கிடையாது. சாப்பாட்டு அறையில தட்டுகளை நெருக்கிப் போட்டு அந்த இடத்தை மூடிடுவாங்க. அப்புறம் அந்தப் பேரை யாரும் எடுக்கக்கூடாது.

ஐயாவுக்குப் பக்கத்துக் கட்டில் ஞானமுத்து. பெரியகுளம் பக்கம் ஊர். "நான் லத்தீனைத் தப்பாச் சொன்னா பெஞ்சுக்கு அடியில என் காலை மிதிப்பான்மா. உடனே திருத்திக்குவேன்."

ஒரு நாள் காலை. நல்ல மூடுபனி. ஐயா வெளிப்படியைக் கூட்டிட்டு இருந்திருக்கார். ஞானமுத்து தகரப் பெட்டியோட வந்து நின்னிருக்கார். அங்கி இல்ல. வேட்டி, சட்டை.

"ஏலே சூசை... என்னையப் போகச் சொல்லிட்டாங்கடா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குப் போவேன்?"

ஐயா வாய்மேல விரலை வச்சார்.

"நான் சட்டத்தை மீறலைம்மா"னார் என்கிட்ட. "அம்புட்டு நல்ல பிள்ளை நான்."

ஞானமுத்து கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு கேட்டைத் தாண்டி இறங்கிட்டாராம். பனியில ஆள் தெரியல. பெட்டிச் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம்...

கொடியில அவரோட துண்டு கெடந்திருக்கு. அந்தப் பனியில துணி காய நாலு நாளாகும், அதான் ஈரமாவே விட்டுட்டுப் போயிட்டார். நாற்பத்தி மூணாம் நம்பர். யாரும் தொடல. அஞ்சாம் நாள் ஐயா எடுத்து ஒளிச்சு வச்சுக்கிட்டார்.

ஆறு மாசத்துல ஐயாவும் தானே வெளிய வந்துட்டார். நேரா போனது ஞானமுத்து ஊருக்கு. அவர் அப்பா ஐயா கையைப் பிடிச்சுக்கிட்டாராம். "எம்மவன் இங்க வரவே இல்லையே தம்பி. போகையில உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

அன்னைக்கு ஞானமுத்து பஸ் ஏறினாரா இல்லையான்னே தெரியாது. இந்த மலையில பஸ் ஏறாம எங்க போவாங்க... 

அடுத்த வருஷம் ஐயா பஸ் ஸ்டாண்ட்ல வேலைக்குச் சேர்ந்தார்.

இன்னைக்கு அவர் பொண்ணு மேரி அக்கா புது வேட்டி எடுக்கச் சொல்லி என்னை உள்ள அனுப்பினாங்க. அலமாரியில வேட்டிக்கு அடியில அந்தத் துண்டு. நூல் வெளுத்துப்போய் ரோஸ் கலர்ல இருக்கு. நம்பர் மட்டும் தெளிவாத் தெரியுது. "அது அவன் பொருள்மா, என்கூடக் குழியில வச்சிடாதீங்க, கேட்டு வந்தா குடுக்கணும்"னு ஐயா என்கிட்டயும் சொல்லியிருக்கார்.

சாயங்காலம் எல்லாரும் ஜெபமாலை சொல்லிட்டு இருந்தாங்க. தினமும் மாடி ஏறும்போது என் பையன் ஐயாவுக்குக் கையாட்டுவான், அவர் "போயிட்டு வாங்க துரை"ம்பார். இன்னைக்கும் வாசல்ல நின்னு ஆட்டினான். பதில் இல்ல. திரும்ப ஆட்டினான். அப்புறம் கத்த ஆரம்பிச்சுட்டான்.

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. என் விரல் உதடு வரைக்கும் போயிடுச்சு...

எடுத்துட்டேன். கத்தட்டும்னு தூக்கி வச்சுக்கிட்டு அங்கேயே நின்னேன்.

போயிட்டு வாங்க ஐயா. போயிட்டு வாங்க.

ஞானமுத்து. பெரியகுளம் பக்கம். செமினரியில நம்பர் நாற்பத்தி மூணு. இப்ப இருந்தா எண்பத்தி அஞ்சு வயசு இருக்கும். அவர் உங்க தாத்தாவா, பெரியப்பாவா, பக்கத்து வீட்டுக்காரரா இருக்கலாம். அன்னைக்கு பஸ் ஏறிட்டார்னு தெரிஞ்சாக்கூடப் போதும். நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். பெட்டியை மூடறதுக்கு முன்னாடி ஐயா காதுல சொல்லணும்.

தெரிஞ்சவங்க சீக்கிரம் பதில் போடுங்க.