படகில் என் இடத்தில் இருந்தவன்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிறவன் நான். பாலையூற்றில் என் எஞ்சின் திருத்தும் கடையில் அந்தக் கதைக்கு இடமே இல்லை. நீங்களும் சிரிக்கப் போகிறீர்கள். சிரியுங்கள், நடந்தது நடந்ததுதான்.

நிலாவெளியில் படகு ஓட்டும் யூட் என்னோடு படித்தவன். நான் கட்டாரில் வேலை செய்தபோது அம்மா செத்துப்போனார். லீவு தரவில்லை, வர முடியவில்லை. கடைசி நேரத்தில் அம்மாவோடு இருந்தது யூட் மட்டும்தான். நான் திரும்பி வந்த பிறகு அவன் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பிறகு ஒருநாள் அவனாகவே கடைக்கு வந்தான்.

"மச்சான், அம்மான்ர கடைசி நாளைப் பற்றி உனக்கு ஒண்டு சொல்லோணும். கரையில வைச்சுச் சொல்ல என்னால ஏலாது. புறாமலைத் தீவுக்கு ஆக்களை ஏத்திக்கொண்டு போறன், நீயும் வா."

போனேன். படகில் ஒரு சிங்களக் குடும்பமும் இருந்தது. வழியில் கேட்டால், "வரேக்க சொல்லுறன், பொறு" என்றான்.

புறாமலையைச் சுற்றிக் கடலுக்குள் முழுக்க முருகைக்கல் என்கிற பவளப்பாறை, கரையிலும் செத்த முருகைக்கல் எலும்புத் துண்டுபோலக் காலைக் குத்தும். மற்றவர்கள் மீன் பார்க்கத் தண்ணீருக்குள் இறங்க, நான் எரிச்சலோடு பாறைக்கு அந்தப் பக்கம் போய் இருந்தேன். உச்சி வெயில், குடிக்கவில்லை, கண்ணயரவும் இல்லை, நம்பினால் நம்புங்கள். எஞ்சின் சத்தம் கேட்டு ஓடிவந்தால் படகு போய்க்கொண்டிருக்கிறது.

"டேய் யூட்! என்னை விட்டிட்டுப் போறியேடா!"

அவன் திரும்பவில்லை. அவனுக்குப் பக்கத்தில், நான் வரும்போது இருந்த இடத்தில், ஒருவன் இருந்தான். என் கட்டம் போட்ட சேட்டுத்தான், ஆனால் அந்தச் சேட்டு என் உடம்பில் அல்லவா இருக்கிறது. என் முதுகை நான் எங்கே பார்த்தேன்? ஆனாலும் அது என் முதுகு என்று விளங்கிவிட்டது. யூட் தலையைக் குனிந்திருந்தான். அவன் தோளில் அதன் கை.

வேறொரு படகில் கரை சேர்ந்து, நேரே யூட்டின் வீட்டுக்குப் போனேன். அடிக்கத்தான் போனேன். வாசலில் அவன் மனைவி ஜெனி.

"என்ன அண்ணா, எதையும் மறந்திட்டுப் போட்டீங்களோ? நீங்கள் குடிச்ச தேத்தண்ணிக் கோப்பையே இன்னும் கழுவேல்ல."

குசினிக்குள் இருந்து யூட் வந்தான், அழுது வீங்கிய முகத்தோடு. கொலரைப் பிடித்தேன்.

"என்னை ஏன்டா விட்டிட்டு வந்தனி?"

"விசரே உனக்கு? எல்லாற்ற தலையையும் தொட்டு எண்ணாமல் நான் படகு எடுக்கிறனானே? உன்ர தலையையும் தொட்டனான். ஈரமாயிருந்தது. குளிச்சனியோ எண்டு கேட்டனான், நீ சிரிச்சனி."

என் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

"அதை விடு. அம்மாக்கு என்ன நடந்தது? சொல்லு."

"எல்லாம் சொல்லிட்டனே மச்சான்! நீ அழுதனி. மன்னிச்சிட்டன் எண்டனி. இனி இந்தக் கதையை வாயில எடுக்கிறேல்ல எண்டு சத்தியமும் வாங்கினனி."

"அது நானில்லையடா!"

"நீதான்."

அறைந்தேன். வாங்கிக்கொண்டு நின்றான், சொல்லவில்லை. பிறகு கோயிலில் மாதா சுரூபத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியும் கேட்டேன். "உனக்குத் தந்த சத்தியமெல்லே, முறிக்க ஏலாது" என்கிறான், என்னிடமே.

இப்போது தெருவில் கண்டால் முகத்துக்கு நேரே பார்த்துச் சிரிக்கிறான். நல்லாக நித்திரை கொள்கிறானாம், ஜெனி சொன்னாள். என் அம்மாவுக்கு அவன் என்ன செய்தான் என்று அவனுக்குத் தெரியும், படகில் என் உருவத்தில் வந்த அதற்கும் தெரியும். பெற்ற பிள்ளை எனக்குத் தெரியாது.