பாதிக் குளிசையைக் காட்டிக்கொடுத்த ஸ்கேன்

முதல் தடவை அது வந்தபோது எனக்கே தெரியவில்லை. வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பு மாணவருக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். வெண்பலகையில் சமன்பாட்டைப் பாதி எழுதியவள் இருபது விநாடி அப்படியே நின்றேனாம். டீச்சர் யோசிக்கிறா என்று பிள்ளைகள் காத்திருந்திருக்கிறார்கள்.

நாலாவது தடவை அது வந்து மாடிப்படியில் விழுந்த பிறகுதான் டொக்டரிடம் போனேன். மூளை மின்வரைவு (தலையில் கம்பிகள் பொருத்தி மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் சோதனை) எடுத்தார்கள். குவிய வலிப்பு (மூளையின் ஓரிடத்தில் தொடங்கும் வலிப்பு) என்றார்கள். முதல் மருந்துக்கு உடம்பெல்லாம் தடித்தது.

இரண்டாவது மருந்தைத் தொடங்கும்போது டொக்டர் பர்ஹானா தன் ஆய்வைப் பற்றிச் சொன்னார். எம்ஆர்ஐ இயந்திரத்தைக் கொண்டு மூளையின் இரசாயனத்தையும் அளக்கலாம். காபா (மூளைக் கலங்களை அடக்கி வைக்கும் இரசாயனம்) மருந்துக்கு முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று பார்ப்பார்களாம். நோயாளி என்பதை மறந்து துள்ளிக் குதிக்காத குறை. இருபது வருடமாகச் சோதனைக் குழாயில் இருப்பதை அளந்தவளுக்குத் தன் தலையையே அளக்கக் கிடைத்தால் விடுவாளா?

மருந்தைத் தொடங்குமுன், குழாய் மாதிரியான அந்த இயந்திரத்துக்குள் முக்கால் மணித்தியாலம் கிடந்தேன். காதுக்குள் தகரத்தில் அடிப்பது போலச் சத்தம். முடிந்ததும் திரையில் வந்தது மேடும் பள்ளமுமான ஒரு கோடு. காபாவின் மேடு சின்னதாக ஓரமாய் நின்றது. நான் கேட்ட கேள்விகளில் ஸ்கேன் எடுத்தவரின் தேத்தண்ணி ஆறிப்போனது.

மருந்து வேலை செய்தது, வலிப்புக் குறைந்தது. கூடவே சொற்களும் குறைந்தன. பரீட்சைக்கு முந்திய மீட்டல் வகுப்பில் ‘வினையூக்கி’ என்ற சொல் வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன். முன்வரிசைப் பிள்ளையொன்று எடுத்துக் கொடுத்தது. அவமானமாக இருந்தது.

அடுத்த நாளே குளிசையைப் பாதியாக உடைத்தேன். பரீட்சை முடியட்டும், பிறகு முழுசாக எடுப்போம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். கிளினிக்கில் மருந்தை ஒழுங்காக எடுக்கிறீர்களா என்று கேட்டபோது ஓம் டொக்டர் என்றேன். எங்கள் ஆட்கள் டொக்டரிடம் எதற்கும் சொல்லும் பதில் அதுதான். பரிசோதனையை இடையில் மாற்றிவிட்டு விடையை மட்டும் பொருத்தி எழுதும் பிள்ளைகளை எத்தனை தடவை ஏசியிருப்பேன்!

இரண்டாவது ஸ்கேனுக்குப் பிறகு டொக்டர் இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். மருந்து பிடித்திருந்தால் உயர்ந்திருக்க வேண்டிய காபா மேடு அசையவே இல்லை. இதை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டேன், ஆனால் வலிப்பும் திரும்பக் கூடியிருக்கிறது என்றார். மருந்து என் மூளையில் பிடிக்கவில்லை போல, நிறுத்திவிட்டு வேறொன்று பார்ப்போம் என்று பேனையை எடுத்தார்.

எனக்குச் சரிவந்த ஒரே மருந்து என் கோப்பில் தோற்றதாக ஏறப்போகிறது. அடுத்தது ஒத்துவரும் என்று யார் கண்டது? பக்கத்தில் என் கணவர் சிவா இருந்தார். அவருக்கும் விஷயம் தெரியாது.

“டொக்டர், நான் பொய் சொன்னனான். பாதிக் குளிசைதான் எடுத்தனான்.”

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார்.

“நல்ல வேளை சொன்னீங்க டீச்சர். ஒரு நல்ல மருந்தை நாங்க வீசியிருப்போம்.”

ஏசுவார் என்று இருந்தேன். அவரோ சொற்கள் எப்போது தொலைகின்றன என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அளவை மெல்ல மெல்லக் கூட்டினால் அந்தத் தொல்லை குறையலாம் என்றார். ஏசும் பொறுப்பை சிவா எடுத்துக்கொண்டார், வீடு வரும்வரை ஓயவில்லை.

முழு அளவுக்கு வந்தபின் எடுத்த மூன்றாவது ஸ்கேனில் மேடு எழும்பியிருந்தது. வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. நான் விழுங்கிய குளிசை என் தலைக்குள் போய்ச் செய்த வேலையை நான் பார்க்கிறேன்! கிளினிக் என்றும் பாராமல் சிரித்தேன், அழுதேன். அளவீட்டில் பிழைகள் உண்டு, வலிப்பு நிற்பதுதான் சரியான விடை என்று டொக்டர் என்னை அடக்கினார். அதுவும் நின்றுவிட்டது, ஏழு மாதமாகிறது. சொற்கள் கொஞ்சம் பிந்தி வருகின்றன, ஆனால் வருகின்றன.

உங்கள் மருந்தும் உங்களிடமிருந்து எதையாவது பறித்தால், அதை டொக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக உடைக்காதீர்கள்.

போன மாதம் கொட்டாஞ்சேனையில் அக்காவைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன். வலிப்பு வந்தால் பிடிக்க ஆள் வேண்டுமென்று இரண்டு வருடமாகக் கண்டக்டருக்குப் பக்கத்து ஆசனத்தில் விறைத்தபடி இருந்தவள், அன்று யன்னலோரம் இருந்தேன். கண் விழித்தபோது நான் இறங்கவேண்டிய வெள்ளவத்தை தாண்டி, பஸ் இரத்மலானையில் நின்றது.

திரும்ப வலிப்பு வந்துவிட்டதோ? வலிப்புக்குப் பிறகு என் பெயரே எனக்குச் சட்டென்று வராது. பெயரைச் சொல்லிப் பார்த்தேன், வந்தது. விலாசம் வந்தது. கழுத்து மட்டும் பிடித்திருந்தது. அப்போது என்னைக் காணாமல் சிவாவின் அழைப்பு.

“எங்க நிக்கிறீர்? திரும்ப வலிப்பு வந்திட்டுதோ?”

“இல்லையப்பா. நித்திரை கொண்டிட்டன்.”

எதிர்ப்பக்கம் போய் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அதிலும் யன்னலோரமாகத்தான் இருந்தேன்.