கொடியில் காயும் முழங்கால் உறைகள்

மைனியின் முழங்கால் உறைகளை நான் துவைத்துப் பின்கட்டுக் கொடியில், என் சேலைக்கு அடியில் மறைத்துத்தான் காயப்போடுவேன். கபடி ஆடி ஆடி மணல் ஏறிய கறுப்பு உறைகள். அடுத்த வீட்டு அக்கா ஒருநாள் பார்த்துவிட்டு, "யாருதுளா இது?" என்றாள். "எங்க வீட்டுக்காரருது" என்றேன். என் கணவர் தோணியில் சரக்கோடு மாலத்தீவுக்குப் போய் மூன்று வாரமாகியிருந்தது. அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

மைனி என் கணவருக்கு அக்கா, திருநங்கை. கல்யாணமாகி ஓராண்டு வரை அவளை நான் முறை சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மாமியார் அப்போதும் மகனென்று நினைத்து அவளுக்கு வைத்த பழைய பெயரைத்தான் சொல்வார். யார் மனமும் நோகக்கூடாதென்று நான் "இந்தாங்க" என்று மட்டும் சொல்லிக் காபியை நீட்டுவேன். அவள் கோபித்ததில்லை. வாந்தியும் மயக்கமுமாக நான் கிடந்த மாதங்களில், கடற்கரைப் பயிற்சி முடிந்து மணல் காலோடு வந்து எனக்குக் கஞ்சி வைத்துத் தந்தவள் அவள்.

அப்போதுதான் சம்பளத்துக்கு ஆடும் ஒரு பெண்கள் அணிக்கு ஆள் எடுத்தார்கள். அடையாள அட்டை, மருத்துவச் சான்று எல்லாம் இருந்தும், அவளிடம் மட்டும் வீட்டார் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் களத்தில் இறங்கலாம் என்றார்கள். கணவர் கடலில். மாமியார் வரமாட்டேனென்று அடுக்களைக்குள் போய்விட்டார். ஏழு மாத வயிற்றோடு நான் போனேன்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று மேசையில் இருந்தவர் கேட்டார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டேன். பயமா, பழக்கமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவர் பேனாவை மூடினார். மைனி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஏளா, உக்காரு. கால் வீங்கியிருக்கு பாரு" என்றாள்.

நான் உட்காரவில்லை. "சார், தப்பாச் சொல்லிட்டேன். இது எங்க மைனி. எங்க வீட்டுக்காரரோட கூடப்பொறந்த அக்கா." அவர் பேனாவைத் திறந்து தாளை என் பக்கம் நகர்த்தினார்.

அன்று நன்றாகவே ஆடினாள். ஆனாலும் எடுக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. என் முதல் பதில்தான் காரணமோ என்று எத்தனையோ நாள் குமைந்திருக்கிறேன். அவள் மனுமேல் மனு போட்டாள். மறு ஆண்டு மாற்று ஆட்டக்காரியாகச் சேர்த்தார்கள். இப்போது களத்தில் இறங்கும் ஏழு பேரில் ஒருத்தி.

ஊருக்கு வந்தால் உறைகளை என்னிடம்தான் தருவாள். வாசல் கொடியில் போடுகிறேன். என் மகள் ஒன்றை உருவித் தொடைவரை மாட்டிக்கொண்டு ஓடுவாள். நேற்று அடுத்த வீட்டு அக்கா தெருவில் போகும்போது நின்று, "என்னளா, இன்னும் உன் வீட்டுக்காரருதுதானா?" என்று கேட்டாள். "இல்லக்கா, எங்க மைனியோடது" என்றேன். அவள் நடந்து போய்விட்டாள். சத்தமாகத்தான் சொன்னேனா என்று சந்தேகம் வந்து, கேட் வரை போய் இன்னொரு தடவை சொன்னேன்.