எழுதாத தாளில் கையெழுத்து

எங்கள் ஊரில் பெண்கள் கிராம சபைக்குப் போவதென்றால், நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்புவதுதான். கூட்டம் தொடங்கும் முன்பே நோட்டு வந்துவிடும். மேலே தீர்மானம் எழுத விட்ட இடம் வெறுமையாக இருக்கும். கீழே பெயரெழுதிவிட்டு வந்துவிடுவோம். என்ன தீர்மானம் என்று நான் கேட்டதே இல்லை. ஆம்பளைகள் நாலு பேர் கூடிவிட்டாலே எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது வரை படித்தவள் என்பதால், முதல் ஆளாகப் போய்ப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவேன்.

போன குடியரசு தினத்துக்கு முதல் நாள் என் நாத்தனார் மூச்சிரைக்க வந்தாள். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்போம்.

"ஏனுங் நங்கை, சேதி தெரியுமா? ரேசன் கடையை ரோட்டுக்கு அக்கட்டக் கொண்டு போறாங்களாமா. நாளைக்குத் தீர்மானம் போடறாங்க."

ரோடு என்றால் நாமக்கல் போகிற நாலு வழிச் சாலை. லாரியும் போர் போடுகிற ரிக் வண்டியும் மூச்சு விடாமல் போகும். அரிசி மூட்டையோடு அதைக் கடப்பது எங்களைப் போன்ற முட்டிவலிக்காரிகளுக்கு ஆகிற காரியமா?

மறுநாள் வீட்டுக்கு உறம்பரையாகச் சொந்தக்காரர்கள் வந்துவிட்டதால் நான் போய்ச் சேர நேரமாகிவிட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். தலைமையாசிரியை அரசியலமைப்பின் முகப்புரையை வரி வரியாகச் சொல்ல, கூட்டம் திருப்பிச் சொன்னது. நழுவ வழியில்லாமல் நானும் சொன்னேன். நீதி, சமத்துவம், நினைப்பதைச் சொல்லும் சுதந்திரம் என்று பெரிய பெரிய வார்த்தைகள். மக்களாகிய நாம் என்று தொடங்கியதில் நானும் சேர்த்திதானே என்று அப்போதுதான் உறைத்தது.

உட்கார்ந்ததும் ஊராட்சிச் செயலர் நோட்டை நீட்டினார். நல்ல பிள்ளைதான், வேலையைச் சுருக்காக முடிக்கப் பார்ப்பார்.

"கையெழுத்தப் போடுங் ஆயா."

"இன்னும் ஒன்னும் எழுதலீங்களே?" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நீங்க போடுங்க, பொறவு நாங்க எழுதிக்கறோம்."

பின்னாலிருந்து என் கொழுந்தன் சிரித்தான். "ஏனுங் நங்கை, இன்னைக்கு நீங்கதான் கலெக்டருங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் அந்தச் சாலை கண்ணில் நின்றது.

"மனசுல இருக்கறதச் சொல்லலாம்னு இப்பத்தானே எல்லாரும் எந்திரிச்சு நின்னு சொன்னோம்? அந்த ஈரங்கூட வாயில காயலீங்க. எழுதிப் படிச்சுக் காட்டுங்க, போடறேன்."

நாத்தனார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "அதேதானுங்க. எழுதாம ஒருத்தியும் கை வெக்க மாட்டோம்."

செயலர் தலையைச் சொறிந்தார். "ரோட்டுக்கு அக்கட்டக் கட்டுன புதுக் கட்டடம் சும்மா கெடக்குதுங்களே..."

"வேணும்னா உங்க ஆபீச அங்க வெச்சுக்குங்க சாமி. உங்களுக்குத்தான் வண்டி இருக்குது!" என்றாள் அவள்.

அதற்கு ஆம்பளைகளே கை தட்டினார்கள். கை தூக்கச் சொன்னபோது, கடை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று பெண்கள் அத்தனை பேரும் தூக்கினோம். கொழுந்தனின் கையும் மேலே இருந்தது. அவன் வீட்டில் அரிசி வாங்கப் போவது அவன்தானே!

செயலர் தீர்மானத்தை எழுதி என்னிடம் கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். சரியாகத்தான் இருந்தது, கையெழுத்துப் போட்டேன். அதோடு விட்டார்களா? கைநாட்டு வைக்க வந்த ஒவ்வொருத்தியும், "எனக்கும் ஒருக்காப் படிச்சுச் சொல்லக்கா" என்று நின்றாள். ஆம்பளைகள் பசியில் நெளிந்தார்கள். தொண்டை வறள வறள, ஒரு வரி விடாமல் திரும்பத் திரும்பப் படித்தேன்.

"சித்தச் சத்தமாப் படியக்கா, கடைசில இருக்கறவளுக்குக் கேக்கல!"

கழுத்தை நிமிர்த்திக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.