பெரிய கடையிலிருந்து வந்த சீர்

தாராபுரத்தில் அந்தப் பெரிய கடையை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று எங்கள் அம்மா அழுதாள். கடைவாசலில் இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இனிமேல் பள்ளிக்கூடத்தில் எதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வது என்ற கோபம். அப்போது எனக்குப் பதினொரு வயது. அந்த வயதில் என்ன தெரியும் என்று யாராவது எனக்காகப் பரிந்து பேசினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்குப் புத்தி நிறையவே இருந்தது. அதை எதற்குச் செலவழித்தேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கடை எங்கள் ஊர்க்காரர்களுடையது அல்ல. ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த ஒரு கம்பெனியுடையது. அதன் பெயர் யார் வாயிலும் சரியாக நுழையாததால் ஊரே பெரிய கடை என்று கூப்பிட்டது. அம்மாவின் ஒரே தம்பி, என் தாய்மாமா, கடை திறந்த நாளிலிருந்து அங்கே வேலை பார்த்தார். சோப்புக் கட்டிகளை அடுக்கத் தொடங்கியவர் மூன்றே வருடத்தில் கடை ஆட்களையெல்லாம் மேய்க்கிற சூப்பர்வைசர் ஆகிவிட்டார். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, காதில் ஒயர். நான் வகுப்பில் முதலில் ‘எங்க மாமா வேலை செய்யற கடை’ என்றேன். அரைப் பரீட்சை வருவதற்குள் அது ‘எங்க மாமா கடை’ ஆனது. முழுப் பரீட்சையின்போது ‘எங்க கடை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தி கூட மறுத்துப் பேசவில்லை. பேசினால் ஏசிக்குள் கூட்டிப்போக மாட்டேனே!

அந்தக் கடை வந்து எங்கள் வீதியில் இருந்த இரண்டு மளிகைக் கடைகளையும் ஒரே வருடத்தில் ஊற்றி மூடவைத்தது. ஆட்டோ ஸ்டாண்டு அதன் வாசலுக்கு இடம் மாறியது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து முப்பது பெண்கள் காலை பஸ்ஸில் வேலைக்கு வந்தார்கள். கண்டக்டர்கள் ‘பெரிய கடையெல்லாம் எறங்கு’ என்று கத்தினார்கள். பிறகு ஒரு நாள், எங்கேயோ உட்கார்ந்திருந்த கம்பெனிக்காரர்களுக்கு இந்த ஊர் வியாபாரம் கட்டுப்படியாகவில்லை என்று தெரிந்துவிட்டது. அவ்வளவுதான். மளிகைக் கடைகளும் இல்லை, பெரிய கடையும் இல்லை. கடுகு வாங்கக்கூட அம்மா பஸ் ஸ்டாண்டு வரை போகவேண்டி வந்தது.

மூடுவதற்கு முன் இரண்டு வாரம் தள்ளுபடி போட்டார்கள். அடடா, அந்தக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கடை திறந்திருந்த காலமெல்லாம் உள்ளே காலே வைக்காதவர்கள் அரிசி மூட்டைச் சாக்கோடு வந்து நின்றார்கள். எங்கள் தோட்டத்துப் பக்கத்துக்காரர் நாய்க்குப் போடுகிற ஷாம்பு ஆறு பாட்டில் வாங்கிப்போய்த் தன் காளையைக் குளிப்பாட்டினார். அந்தக் காளை ஒரு மாதம் செண்டு வாசத்தோடு உலாத்தியது. அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. “எழவு ஊட்டுல பந்திக்கு முண்டியடிக்கிற மாதிரி வாரானுக பாரு” என்று திட்டிக்கொண்டே இருந்தாள். மாமா அந்த இரண்டு வாரமும் சிவப்பு வட்டச் சீட்டுகளை ஒவ்வொரு பொருளாக ஒட்டிக்கொண்டிருந்தார். தன் வேலை போவதற்குத் தானே ஓவர்டைம் பார்த்தார்.

அடுத்த மாதம் என் தம்பிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். மாமன் சீர் கொண்டுவர வேண்டும். எத்தனை தட்டு, தட்டில் என்ன இருக்கிறது என்று அப்பா வழி உறவுக்காரர்கள் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். வேலை போன மாமன் என்ன கொண்டுவந்துவிடப் போகிறான் என்ற பேச்சு முந்தின வாரமே கிளம்பிவிட்டது.

ஆனால் அம்மாவின் கவலை சீர் அல்ல. காங்கயத்தில் அரிசி மில் வைத்திருக்கிற பெரியப்பா, அதாவது அப்பாவின் பங்காளி அண்ணன், விசேஷத்துக்கு வருகிறார். மில்லில் ஆட்களை வைத்து வேலை வாங்க ஒரு பொறுப்பான ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார். ‘அன்னைக்கு நேர்லயே பையனைப் பார்த்துப்போடலாம்’ என்றும் சொல்லியிருந்தார். மாமாவுக்கு நிச்சயம் செய்வதாக இருந்த பெண்ணின் வீட்டார் கடை மூடியதும் பின்வாங்கத் தொடங்கியிருந்தார்கள். தை பிறப்பதற்குள் நல்ல வேலை என்றால்தான் பேச்சு. காலையில் எனக்குத் தலை பின்னும்போதே அம்மா சொன்னாள். “மாமா இன்னைக்குப் பெரியப்பாகிட்டப் பேசோணும் அம்மணி. ரகளை கிகளை பண்ணி மானத்தை வாங்கிப்போடாத.” நான் “செரீம்மா” என்றேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

மாமா மேளத்தோடு வந்தார். வெள்ளை வேட்டி, புது வெள்ளைச் சட்டை. பின்னால் அம்மா வீட்டுப் பெண்கள் தட்டு ஏந்தி வரிசையாக வந்தார்கள். பதினொன்று வந்தாலே பெரிசு என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, விரல் விட்டு எண்ணி இருபத்தொன்று என்றதும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜமக்காளத்தில் தட்டுகளை இறக்கிவைத்தார்கள். தேங்காய், பழம், துணிமணி போக, டப்பா டப்பாவாகச் சாக்லேட், முந்திரி, பாதாம், வெளிநாட்டு பிஸ்கட், கண்ணாடி பாட்டிலில் ஏதோ பச்சைக் காய். நெல்லிக்காய் ஊறுகாய் என்று நினைத்து ஒரு பெரியவர் அதில் ஒன்றைக் கடித்துவிட்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கோயில் கிணற்றுப் பக்கம் நடந்தார். அது ஆலிவ் என்று எனக்குத் தெரியும். பெரிய கடைக்காரி அல்லவா நான்! மிதப்பாகச் சுற்றிவந்தேன்.

கோயம்புத்தூர் போத்தனூரிலிருந்து வந்திருந்த அத்தை மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவள்தான் மண்டபத்துக்குப் பின்னால் என்னை இழுத்துப்போனாள். அங்கே இன்னும் இரண்டு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். கையில் சீர்த்தட்டிலிருந்து எடுத்த சாக்லேட் டப்பா. அதைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினாள். அடியில் சிவப்பு வட்டச் சீட்டு. மாமா ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எல்லாவற்றையும் உரித்திருக்கிறார், இது ஒன்று தப்பிவிட்டது. 75% தள்ளுபடி, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.

“உங்க கடையில விக்காத சாமானத்தையெல்லாம் உங்க மாமா எங்க மாமன் ஊட்டுத் தலையில கட்டிப்போட்டாரு போல?” என்றாள். மற்ற இரண்டும் கெக்கெக்கே என்று சிரித்தன. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. மூன்று வருடமாகப் பீற்றிக்கொண்டதெல்லாம் ஒரு சீட்டில் போய்விட்டது. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. சிரிக்கிறவர்கள் பக்கம் நாமும் போய்விட்டால் நம்மைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது.

“டப்பாவுக்கு எதுக்குடி இந்தச் சீட்டு?” என்றேன். “மாமாவுக்கே ஒட்டிப்போடலாம்.”

அவள் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். நகத்தால் மெதுவாகச் சுரண்டி, கிழியாமல் எடுத்து உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடினேன்.

தம்பியை மடியில் வைத்துக்கொண்டு மாமா மணையில் உட்கார்ந்திருந்தார். ஆசாரி எதிரே ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமா என்னைப் பார்த்ததும், “அம்மணி, எனக்குப் பொறகால வந்து நின்னுக்க கண்ணு. உன்னையப் பார்த்துத் திரும்புனான்னா காது நல்லாக் கெடைக்கும்” என்றார். நான் போய் நின்றேன். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். ஊசி இறங்கியது. அவன் வீரிட்டு அலறிய அந்த நொடியில் என் உள்ளங்கையை மாமாவின் முதுகில் வைத்து நன்றாக அழுத்தினேன். மாமா திரும்பாமலே, “பயந்துக்காத கண்ணு, ஒண்ணுமில்ல, முடிஞ்சுது” என்றார். நான் பயந்துபோய் அவரைப் பிடித்துக்கொண்டேன் என்று நினைத்திருக்கிறார்.

அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் மாமா அந்தச் சீட்டோடு நடமாடினார். பந்தியில் குனிந்து குனிந்து சாம்பார் ஊற்றினார். எல்லாரையும் கும்பிட்டு, “சாப்பிட்டீங்ளா, வயிறாரச் சாப்பிடுங்க” என்றார். அவர் தாண்டிப் போனதும் வரிசையாகத் தலைகள் குனிந்து குலுங்கின. பெரியவர்கள் பலரும் பார்த்தார்கள். ஒருத்தராவது கூப்பிட்டு எடுத்துவிட்டிருக்கலாம். வேலை போனவன் முதுகுதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. அம்மா சமையல்கட்டில் இருந்ததால் பார்க்கவில்லை. முதலில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு, பெரியப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து மாமாவைக் கைகாட்டிக் கூப்பிட்டபோது, ஓடிப்போய் உரித்துவிடலாம் என்று இரண்டடி வைத்தேன். அத்தை மகள் என்னைப் பார்த்தாள். நின்றுவிட்டேன்.

“கடையில எத்தனை பேர் தம்பி உங்களுக்குக் கீழ?” என்று பெரியப்பா கேட்டார்.

“முப்பத்தெட்டுப் பேருங்க மச்சான்.”

“நம்ம மில்லுல அறுவது. அத்தனையும் எடக்கு மடக்கு.”

“பார்த்துக்கலாமுங்க.”

“பேச்சு தெளிவாத்தான் இருக்குது. அப்ப ஒண்ணு பண்ணுங்க, ஒண்ணாந் தேதி…”

அந்த இடத்தில் மாமா, பக்கத்தில் இருந்த வெற்றிலைத் தட்டை அவருக்கு எடுத்துக் கொடுக்க மரியாதையாகத் திரும்பினார். பெரியப்பாவின் கண்ணுக்கு நேரே முதுகு. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். “எழுவத்தஞ்சு சதவீதம் தள்ளுபடி. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது!”

முக்கால் மணி நேரமாக அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒன்றாக வெடித்தது. என்னவென்று தெரியாமல் மாமாவும் சேர்ந்து சிரித்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய்த் துழாவி உரித்தெடுத்தார், சீட்டைப் பார்த்தார். அதற்குள் அப்பா எழுந்துவிட்டார். “எவ பார்த்த வேலை இது?” என்று பிள்ளைகள் பக்கம் வந்தார். அப்பாவின் கை சும்மா இருக்காது. அத்தை மகள் என்னை முறைத்தாள்.

“யாருமில்லீங்க மச்சான்” என்றார் மாமா. “நானேதான் ஒட்டிக்கிட்டேன். கடையும் போச்சு, நாமளும் தள்ளுபடிச் சாமான்தானேன்னு ஒரு தமாசுக்கு.”

அப்பா அப்படியே நின்றார். பெரியப்பா, “பலே தமாசுக்காரர்தான் போங்க” என்று சொல்லி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். ஒண்ணாந் தேதி என்று தொடங்கியதை அவர் முடிக்கவே இல்லை. எனக்கு அது உறைக்கவில்லை. அடி விழவில்லை என்பது மட்டும்தான் உறைத்தது.

பெரியப்பா போகும்போது காரில் ஏறியபடி அப்பாவிடம் சொன்னாராம். அக்கா வீட்டு விசேஷத்தில் முதுகில் சீட்டு ஒட்டிக்கொண்டு திரிகிற விளையாட்டுப் பிள்ளையை நம்பி அறுபது பேரை எப்படி விடுவது என்று. அப்பா அதை உடனே சொல்லாததால், அம்மா ஒரு மாதம் மில்லிலிருந்து போன் வரும் வரும் என்று பார்த்தாள். பெண் வீட்டார் தைக்கு முன்பே கைகழுவிவிட்டார்கள். ஒரு நாள் அம்மா போனில் மாமாவிடம், “எதுக்குடா அப்படிப் பண்ணுனே? கெடைக்கிற வேலையை நீயே கெடுத்துப்போட்டியே” என்று கேட்டு ஓவென்று அழுதாள். மாமா அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

இப்போது மாமா சிங்காநல்லூரில் ஒரு ஒர்க்ஷாப்பில் சாமான் கொடுக்கல் வாங்கலைப் பார்த்துக்கொள்கிறார். நாற்பதை நெருங்கித்தான் கல்யாணம் ஆனது. அவர் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா, “அவனோட விளையாட்டுப் புத்தியாலதான் கெட்டான்” என்பாள். ஒவ்வொரு தடவையும் நான் வாயைத் திறக்கிறேன். திறந்து, காப்பி வேண்டுமா என்று கேட்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, வேறெப்படிச் சொல்ல?

அன்று சாயங்காலம் வெறும் தட்டுகளை டெம்போவில் ஏற்றிவிட்டு மாமா என்னைக் கூப்பிட்டார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தபடி போனேன். அவர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

“அம்மணி, சீட்டு ஒட்டறப்போ அவ்வளவு அமுத்தி ஒட்டக்கூடாது கண்ணு. ஒரு ஓரத்தை லேசாத் தூக்கி உட்டரோணும். அப்பத்தான் உரிக்கறப்போ தடம் விழுகாது. வாரேன்.”

என் கன்னத்தைத் தட்டிவிட்டு நடந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. தெரிந்தும் மாமா கோபித்துக்கொள்ளவில்லை, அவருக்கும் இது தமாசுதான் என்று துள்ளினேன். அவர் டெம்போவில் ஏறத் திரும்பியபோது வெள்ளைச் சட்டையின் நடு முதுகில், பசை இருந்த இடத்தில் புழுதி ஒட்டி வட்டமாகக் கறுத்திருந்தது. துவைத்தால் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு விளையாட ஓடினேன்.