பீரா கௌடரின் முப்பத்தேழாம் பதிவு

கர்நாடகத்தில் எங்கள் சிர்சிப் பக்கம் பாக்கு மரம் ஏறத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். ஏறியதை எழுதி வைத்தவர் ஒரே ஒருவர், எங்கள் பீரா கௌடர். நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் அவரைத் தாங்கவில்லை. ஆனால் ஒரு மரத்தின் உச்சியிலிருந்தே அடுத்த மரத்தை எட்டிப் பிடித்து, ஒரு வரிசை முழுவதையும் தரையில் கால் படாமல் முடித்துவிட்டுத்தான் இறங்குவார். பட்டம் வாங்கினவன் எவனாவது அதைச் செய்து காட்டட்டும், பிறகு பேசலாம்.

முழங்கால் தேய்ந்து ஏறுவதை நிறுத்தியபோது வயது ஐம்பத்தெட்டு. உழைத்த கை சும்மா இருக்குமா? போனில் கட்டைவிரலால் தட்டித் தட்டி ஒரு வலைப்பதிவு தொடங்கினார். ஏறும்போது காலில் மாட்டுகிற தளைக்கயிறு முறுக்குவது, அழுகல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைக்கிற அளவு, மரத்து மேலே எறும்புக்கூட்டில் கை வைத்துவிட்டால் செய்ய வேண்டியது என்று ஆறு வருஷத்தில் நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்புதான், 'என் அனுபவம்'. பக்கத்தில் ஒரு நம்பர். மனைவி மாதேவியைக் கேட்டால் அவளே, "பாதி படிச்சேன்" என்பாள்.

எங்கள் பக்கத்தில் பதினாலு நாளுக்கு ஒரு நட்சத்திரத்தின் பேரில் மழை. அந்த ஆறாம் வருஷம் ஜூன் தொடக்கத்தில், மிருகசீரிட மழைக்கு முன்னால் அழுகலுக்கான முதல் மருந்தடிப்பு நடந்தபோது, பக்கத்து ஊர் ஹனுமா மரத்திலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். கௌடர் பார்க்கப் போனார்.

"மேக்கு ஓரத்து மரம், கௌடரே. நான் வந்த பக்கத்துல நல்லாத்தான் தெரிஞ்சுது. பிடிச்சதும் நடுவுல முறிஞ்சுது."

"அந்த ஓரத்துல நிழல் மரம் எதையாவது வெட்டினாங்களா?"

"போன வருஷம் ஒரு பலாவை வெட்டினாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நிழல் போச்சுன்னா சாயங்கால வெயில்ல மேக்குப் பக்கம் வெந்து பிளக்கும். கிழக்கேருந்து வர்றவன் கண்ணுக்கு அது தெரியாது. எழுதியிருக்கேனே மாராயா, முப்பத்தேழாவதுல."

ஹனுமா சிரிக்கப் பார்த்தான். இடுப்பு விடவில்லை. "முப்பத்தேழுக்குள்ள என் இடுப்பு இருக்குன்னு யாரு எனக்குச் சொன்னா?"

கௌடர் வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடவில்லை. இன்னும் நாற்பது நாளில் இரண்டாவது மருந்தடிப்பு. அதற்குள் ஏறுகிற அத்தனை பேரும் அந்தப் பதிவைப் படித்தாக வேண்டும். இல்லையென்றால் இன்னொருவன் விழுவான்.

"புதுசா ஒண்ணு எழுதிடுங்களேன்" என்றாள் மாதேவி.

"புதுசு எதுக்கு? மரம் நட்டாச்சு. அதுகிட்ட போக வழிதான் போடலை."

முதலில் அவசரப்பட்டார். மரமேறிகளின் வாட்ஸப் குழுவில் நூற்றுப் பன்னிரண்டையும் ஒரே மூச்சில் போட்டார். "கௌடரே, தோட்டத்தையே வெட்டிக் கொண்டாந்து வாசல்ல கொட்டினா எவன் அள்றது?" என்று ஒருவன் எழுதினான். குழுவை விட்டே அவரை எடுத்துவிட்டார்கள். வேறொருவனாக இருந்தால் போனைத் தூக்கிப் போட்டிருப்பான். கௌடர் டீக்கடைக்குப் போனார்.

மூன்று நாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, மரமேறிகள் ஒருவரை ஒருவர் என்ன கேட்டுக்கொள்கிறார்கள் என்று கவனித்தார். அனுபவம் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. ஹனுமா கதையைப் பேசிக்கொண்டிருந்த ஒருவன் கேட்டான்: "பிடிக்கப்போற மரம் முறியுமான்னு மேலேருந்தே எப்படிப்பா தெரிஞ்சுக்கறது?" கௌடர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்தக் கேள்வியே, ஒரு சொல் மாறாமல், முப்பத்தேழுக்குத் தலைப்பானது.

"இவ்ளோ நீளமாவா தலைப்பு வைப்பாங்க?" என்றாள் மாதேவி.

"கேக்கறவன் வாய்ல எவ்ளோ நீளமோ, அவ்ளோ நீளம்."

பிறகு எந்தப் பதிவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கணக்கைப் பார்த்தார். மயில்துத்த அளவு சொல்கிற பதிவுக்கு மட்டும் மழைக்காலத்தில் தினம் நாற்பது, ஐம்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் அளவைப் பார்த்ததும் போய்விட்டார்கள்.

"பாத்தியா, ஒரு மரத்துல ஏறினவன் அதோட இறங்கிப் போயிடறான். அடுத்த மரம் அவன் கைக்கு எட்டலை" என்றார் மாதேவியிடம்.

தரையில் கால் படாமல் தோட்டம் தாண்டின மனுஷனுக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்? மயில்துத்தப் பதிவின் கடைசி வரிக்குக் கீழே, 'மருந்து கரைச்சாச்சா? ஏறுறதுக்கு முன்னாடி இதையும் பாரு' என்று எழுதி முப்பத்தேழின் இணைப்பைக் கட்டினார். முப்பத்தேழின் முடிவில் தளைக்கயிறு. அதன் முடிவில் எறும்பு. ஒன்றைப் பிடித்தால் அடுத்தது கைக்கு வரும். திருவாதிரை மழை பிறந்த அன்று குழுக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி சேர்ந்தார். அந்த மழைக்கு ஒரு பதிவு, அடுத்ததான புனர்பூச மழைக்கு ஒன்று, அதற்கு மேல் போடவில்லை. அதுவரை முப்பதே பேர் பார்த்த முப்பத்தேழாம் பதிவை, இரண்டாவது மருந்தடிப்புக்குள் ஆயிரத்து எழுநூறு பேர் பார்த்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மரமேறிகளே அத்தனை பேர் கிடையாது.

அதற்கடுத்த பூச மழை கொட்டிக்கொண்டிருந்தபோது எல்லாப்பூரிலிருந்து போன் வந்தது. தெரியாத குரல்.

"மரம் முறியறதைப் பத்தி எழுதினது நீங்களா? என் பேரு கெஞ்சு. மேக்கு ஓரத்துல ஒரு மரத்தைப் பிடிக்காம இறங்கிட்டேன். பயந்தாங்கொள்ளின்னு தோட்டக்காரர் ஏசினாரு. அவரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். பிளவுல என் நாலு விரலும் உள்ள போச்சு."

கௌடர் போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அங்க வெட்டின நிழல் மரம் என்ன?" என்று கேட்டார்.

"எதையும் வெட்டலை. காத்துல மாமரம் ஒண்ணு சாஞ்சுது."

"வெட்டினாத்தான்னு எழுதிட்டேன் மாராயா. சாஞ்சாலும் அப்படித்தான்னு சேக்கணும். உன் பேரையும் போடறேன். நீ போனை வச்சிடு, மழை விட்டா மீதி மரம் காத்திருக்கும்."

மாதேவி சோறு போட்டு இரண்டு தரம் கூப்பிட்டாள். அவர் கட்டைவிரல் போனில் இருந்தது.